கச்சான் காற்றில் பிறந்தவனுக்கு

மகனே,

உனக்கும் சஃப்னாவுக்கும் அந்தச் சின்னவளுக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நேற்றுப் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நீ போன் எடுத்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு காதில் வைத்ததால் பாதிதான் கேட்டது, ஆனால் கேட்ட பாதியே போதுமாக இருந்தது. பிள்ளையை நிறுத்துப் பார்த்த மிட்வைஃப் மிஸ், கூட வேண்டிய அளவுக்கு நிறை கூடவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சஃப்னாவிடம் பால் இல்லாமல் இல்லை, கொடுப்பதற்கு நேரமும் மறைவும்தான் இல்லை. காலைச் சாப்பாடு முடியுமுன்பே பிள்ளை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினால் இரவு இஷா வரைக்கும் கேட் மூடுவதில்லை. இந்த வெக்கையில் அவள் நல்ல உடுப்பு உடுத்து, தலையை மூடிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டு கட்டிலில் குந்தியிருக்கிறாள். பிள்ளை பசித்து அழுதால் ஆளுக்கு ஆள் கை மாற்றித் தாலாட்டுகிறார்கள். இரவில் தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ சொன்னதுதான் என் காதில் நன்றாக விழுந்தது. "உம்மா, நீங்க ஒருக்கா வந்து மாமிக்கிட்டக் கதைங்களன். ஆக்கள் வாறதக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. நான் எப்பிடிச் சொல்ற? நான் வந்த மாப்புளதானே."

நான் வந்து கதைக்கப் போவதில்லை. இதை வாசிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கடலுக்குக் குளிக்கப் போகக்கூடாது என்றால் போகுமே, அதே போக்குத்தான். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து வாதாடுவாய், நானும் உன் குரலைக் கேட்டு இளகிப்போய் உடனே ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்னை இடைமறிக்க ஆள் இல்லை. உன் வாப்பா மட்டும் முயற்சி செய்து பார்க்கிறார். எதிரே சாய்கதிரையில் கிடந்துகொண்டு, "நீ இப்பிடி எழுதினா அவன் வாசிச்சு முடிக்கக்குள்ள புள்ளைக்குப் பல்லு முளைச்சிரும்" என்கிறார். அவருக்கு என்ன, அவர் எந்த விசயத்தையும் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிற ஆள். அந்த ஒரு வசனத்துக்கு வந்துசேர அவருக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

நம் கரையில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் போகிறான். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கிறார்கள், ஆண் பிள்ளையைப் பெற்ற நாங்கள் பிள்ளையையே கொடுத்துவிடுகிறோம். உன்னைச் சஃப்னாவின் ஊருக்கு, ஒலுவிலுக்கு அனுப்பிவைத்த அன்று நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், வீடியோவிலும் அப்படித்தான் இருக்கிறது. சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்து, உன் அறைக் கதவில் நீ போட்டுவிட்டுப் போன ஈரத் துவாயைக் கண்ட பிறகுதான் அழுதேன். பிறகு பழகிவிட்டது, பழகாமல் என்ன செய்வது. ஆனால் போன வீட்டில் ஒரு மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்பதை நாங்கள் யாருமே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நல்ல மீன் துண்டு உன் பீங்கானுக்குத்தான் வரும். நல்ல கதிரை உனக்குத்தான். உன் முன்னால் யாரும் குரலை உயர்த்தமாட்டார்கள், நீயும் அந்த வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டாய். மரியாதை என்ற பேரில் ஒரு மனுசனை வருசக் கணக்காக விருந்தாளியாகவே வைத்திருக்க நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீ பிறந்ததும் இதே கச்சான் காலத்தில்தான். இப்போது உன் வீட்டு முற்றத்தில் மண்ணை வாரி அடிக்கிறதே, அதே காற்று. மேற்கே மலைப்பக்கமிருந்து புறப்பட்டு, காய்ந்த காடு கரையெல்லாம் தடவிக்கொண்டு ஊருக்குள் நுழையும்போது அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல இருக்கும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சீலை பப்படமாகும், எத்தனை தரம் கூட்டினாலும் வாசலில் மண். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நாங்கள் இப்போது இருக்கிற இந்த வீட்டில், நடு அறையில், உன்னையும் வைத்துக்கொண்டு கிடந்தேன். அறைக்கு ஒரே ஒரு யன்னல், கடலைப் பார்த்தது. அதை என் உம்மா மூடி, இடுக்குக்கெல்லாம் பழந்துணி செருகியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் முடியும் மட்டும் காற்றுப் படக்கூடாது. எனக்குக் காதை மூடித் துணி கட்டி, காலுக்கு உறை போட்டு, மிளகும் பூண்டும் அரைத்த கறியும் சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணியும் தருவார். உனக்குப் பிளெனல் சீலை, தொப்பி, கைக்கும் காலுக்கும் உறை. காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை வேறு. வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி முன் மண்டபத்தில், வந்திருப்பவர்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும்தான் எனக்கு வந்தது.

வருகிறவர்களும் குறைவில்லை. இன்றைக்குப் படம் பிடிக்கிறார்கள், அன்றைக்குப் படம் இல்லை, மற்றதெல்லாம் அதேதான். பிள்ளை பார்க்க வந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போகக்கூடாது, இருந்து, பிரசவக் கதை கேட்டு, ஏதாவது குடித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். எப்போது வலி எடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார், தாதி மிஸ்ஸிமார் ஏசினார்களா, எல்லாவற்றையும் நான் முதலில் இருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அந்தக் கதை என் வாயில் நன்றாகப் பழுத்துவிட்டது. முதல் வாரத்துக் கதையில் ஆட்டோவில் போனவள் கடைசி வாரத்தில் கிட்டத்தட்ட ஆட்டோவிலேயே உன்னைப் பெற்றிருந்தேன். வந்த பெண்கள் மாஷா அல்லாஹ் சொல்லி உன்னைத் தூக்கி, மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பங்கு பிரிப்பார்கள். கேட்டுக்கொண்டே நான் வேர்த்து வடிந்துகொண்டிருப்பேன். ஒருவர் எழும்பினால் அடுத்தவர் வாசலில் செருப்புக் கழற்றுவார்.

"உங்கட உம்மாதானே, நீங்களே சொல்லியிருக்கலாமே" என்று நீ கேட்பாய். சொன்னேன். "உம்மா, அவியுது. அந்த யன்னல ஒரு சொட்டுத் திறங்களன்" என்று கெஞ்சினேன். "புள்ளப் பெத்தவளுக்கு அப்பிடித்தான் இரிக்கும், சும்மா படு" என்றார். நாற்பதுக்குள் இருக்கிற பெண்ணின் சொல் அப்படித்தான். காய்ச்சல்காரர் பிதற்றுவதை எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படி, அன்பாகக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சஃப்னாவும் தன் உம்மாவிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்லும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் இந்த விசயம் உன்னிடம் வந்திருக்கிறது.

உன் வாப்பாவின் பாடு இன்னும் மோசம். அவர் மருதமுனையில் இருந்து வந்த மாப்பிள்ளை, வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர், கை நிறைய எண்ணெய் மணம். எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருசத்துக்கு மேலாகியும் என் உம்மா அவரோடு ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை, அவரும் பேசியதில்லை. அது கோபம் இல்லை, அந்த நாளில் மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் இருந்த மரியாதை. உம்மா திரைக்குப் பின்னால் நின்று, யாரையாவது கூப்பிட்டு, "மருமகனுக்குச் சோறு காணுமாண்டு கேளு" என்பார். அவர் காதில் அது நன்றாக விழுந்திருக்கும். ஆனாலும் கேட்கப் போனவர் வந்து கேட்ட பிறகுதான் "ஓம், காணும்" என்பார். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் உம்மா பூனையிடம் சொல்லுவார். "பூனே, அடுப்பில ஆணம் இன்னும் இரிக்கி எண்டு சொல்லு." இவரும் பூனையைப் பார்த்து "வேணாம் எண்டு சொல்லு" என்பார். நான் உள்ளே கிடந்து வாயைப் பொத்திச் சிரிப்பேன்.

ஆனால் யன்னல் விசயத்தைப் பூனையிடம் சொல்ல முடியுமா? மாப்பிள்ளை அறைக்குள் வருவதென்றாலே ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, உன்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவார். என் முகத்தையும் பார்ப்பார். உன் கழுத்தில் வேர்க்குரு சிவந்துகொண்டு வருவதை முதலில் கண்டவர் அவர்தான். கண்டுவிட்டு நேற்று நீ செய்ததையே செய்தார். மருதமுனைக்குப் போய்த் தன் உம்மாவிடம், அதாவது உன் வாப்பும்மாவிடம், "நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

உன் வாப்பும்மா நல்ல மனுசி, ஆனால் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளையின் உம்மா வெறுங்கையோடு வரவும் முடியாது, தனியாக வரவும் முடியாது. ஒரு வேன் பிடித்து, வட்டிலப்பமும் தொதலும் வாழைக்குலையும் ஏற்றி, நாலைந்து பெண்களோடு வந்து இறங்கினார். மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள், என் வாப்பா மின்விசிறிக்குக் கீழே இருந்தார். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, சர்பத் குடித்து முடித்தபின், உன் வாப்பும்மா எல்லாரும் கேட்கும்படி சொன்னார். "ஒண்டும் நினைக்காதீங்க. என்ட மகன் சொல்றான், இந்த ஊட்டு அறைக்குள்ள காத்து வருகுதில்லையாம். புள்ள அவியுதாம்."

உனக்கு இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். அந்த வீடு என் வாப்பா எனக்குக் கொடுத்த சீதன வீடு. சாகாமத்தில் அவருக்கு இருந்த வயலில் ஒவ்வொரு போகமும் அறுவடை முடியச் சீமெந்து வாங்கி, ஒரு போகத்துக்கு ஒரு சுவர் என்று எழுப்பியது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அத்திவாரம் போட்டு, எனக்குக் கலியாணம் பேசியபோதுதான் ஓடு போட்டார். அந்த வீட்டில் காற்று வரவில்லை என்று மாப்பிள்ளையின் உம்மா சபையில் சொன்னால், நீங்கள் கொடுத்த வீடு சரியில்லை என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றுதான் நம் ஊரில் அதற்கு அர்த்தம். மண்டபத்தில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. என் வாப்பா சிரித்தார், "இன்னும் கொஞ்சம் எடுங்க" என்று உபசரித்தார், வேன் வரைக்கும் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, உள்ளே என் கட்டிலுக்குக் கேட்கும்படி, "காத்தில்லாத ஊட்டயா நான் குடுத்தன்?" என்று ஒரு தரம்தான் கேட்டார். பிறகு சாப்பிடவில்லை. உம்மா திரைக்கு அந்தப் பக்கம் கிசுகிசுத்தார், "மருமகன் வேற ஊடு கேக்கிறாரோ?" மாலையில் மஃரிப் தொழப் போனவர்களிடம் பள்ளிவாசலிலேயே இந்தக் கதை வந்துசேர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலையில் என் வாப்பா ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று யாரும் கேட்கத் துணியவில்லை. என்னையும் உன்னையும் அடுப்படிக்கு, குசினிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அறைச் சுவரை உடைக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்குக் காற்றுப் போதவில்லையாம், ஆகவே இரண்டாவது யன்னல். கிழக்கில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, வடக்கும் தெற்கும் மற்ற அறைகள், மிச்சமிருந்தது மேற்குச் சுவர். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருக்கிற கச்சானுக்கு என் வாப்பா எங்கள் அறைக்குள் ஒரு வாசல் வைத்துக் கொடுத்தார். சுவர் உடைந்து விழ விழப் புழுதியும் அனலும் வீடு முழுக்க ஏறியது. உன்னை மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குசினி மூலையில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு களைப்பு. சாந்து காய்ந்து, யன்னல் பூட்டி முடிந்ததும், வாப்பா மண்டபத்தில் நின்று யாரையும் பார்க்காமல், "இப்ப காத்து வரும்" என்றார். எங்களை மறுபடி அறைக்கு மாற்றினார்கள். மாற்றிய கையோடு உம்மா என்ன செய்தார் தெரியுமா? புது யன்னலையும் மூடி, அதன் இடுக்குக்கும் துணி செருகினார். நாற்பது முடியவில்லையே.

உன் வாப்பா அந்த நாட்களில் கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலிலேயே கிடந்தார். ஒரு சொல் சொல்லி அனுப்பியதற்குச் சுவரையே உடைத்துவிட்டார்கள், இன்னொரு சொல் சொன்னால் கூரையைக் கழற்றுவார்களோ என்று பயம். மாமனார் முகம் கொடுக்கவில்லை. சோறு மட்டும் முன்பைவிட நன்றாக வந்தது, அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம்தான். இரண்டு வீட்டு மரியாதைக்கும் நடுவில் நானும் நீயும் புழுங்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு நாள் நீ பால் குடிக்கவில்லை. காலையில் இருந்தே உடம்பு கொதித்தது, வேர்க்குரு வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகினாய். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் உன் வாப்பா வந்தார். தொண்டையைச் செருமவில்லை. உம்மா உள்ளே என் பக்கத்தில் இருந்து உனக்கு நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார், ஆள் வருவது தெரிந்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழும்பினார். போக வழியில்லை, வாசலில் அவர் நிற்கிறார். உன் வாப்பா திரைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார், "மாமி, நான்தான் கதைக்கிறன். புள்ளைக்கு ஏலாது. இந்தக் கடல் பக்கத்து யன்னல நான் திறக்கட்டா?"

அவர் குரல் நடுங்கியது. உம்மா என்னைப் பார்த்தார், பிறகு யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா என்று சுற்றிப் பார்த்தார். பூனையும் இல்லை. கடைசியில் உம்மாவும் திரையைப் பார்த்துச் சொன்னார், "திறங்க மகன். இதுக்கு என்னத்துக்கு ஊரச் சுத்தி ஆள் அனுப்பின நீங்க? நானும்தானே உள்ளுக்க கிடந்து அவியிறன்."

உன் வாப்பா உள்ளே வந்து துணியையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு யன்னலைத் திறந்தார். அந்த நேரத்துக்குக் கச்சான் அடங்கிக் கடற்காற்றுத் தொடங்கியிருந்தது. உம்மாவே உன் பிளெனலைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்துவிட்டார். அன்று மாலை நீ பால் குடித்தாய். உம்மா மறுபடி திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார், "என்ட புள்ளயள் எல்லாம் மாரியில பிறந்ததுகள் மகன். வெள்ளத்துக்க, குளிருக்க. எனக்கு அந்த முறைதான் தெரியும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மார்கழிக் குளிருக்கு வைத்த முறையைக் கச்சானில் பிடித்துக்கொண்டு அந்த மனுசி தானும் வெந்துகொண்டிருந்திருக்கிறார். விடச் சொல்லி நேரே கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் வாப்பா மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த மேற்கு யன்னலைக் காட்டி, "மருமகன் கேட்டார், போட்டுக் குடுத்தன்" என்று பெருமை பேசுவார்.

இப்போது நான் ஒலுவிலுக்கு வந்து, "ஆக்கள் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைங்க" என்று சொன்னால் உன் மாமியின் காதில் என்ன விழும் என்று யோசித்துப் பார். எங்கட உபசரிப்பில் மாப்பிள்ளை வீட்டார் குறை கண்டுவிட்டார்கள் என்றுதான் விழும். உன் மாமா நாளைக்கே வாசலில் பந்தல் போட்டு, இன்னும் இருபது கதிரை வாடகைக்கு எடுத்துவிடுவார். செய்யக்கூடியவர்தான், கலியாணத்தில் பார்த்தேனே. அந்தச் சொல் ஆறிப் போகாது. நானும் நீயும் மறந்தாலும் சஃப்னாவின் தலையில்தான் வருசக் கணக்காகக் கிடக்கும். இன்னொன்றும் இருக்கிறது, நீ யோசிக்காதது. வந்து போகிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கம். உன் சாச்சிமார், உன் வாப்பாவின் ஊர் ஆட்கள், என் கூட்டாளிகள். மாப்பிள்ளை பக்கத்து ஆட்களைப் பெண்ணைப் பெற்ற மனுசி எப்படி வேண்டாம் என்று சொல்லுவா? விடியும்போது எழும்பி எலுமிச்சம்பழம் பிழியத் தொடங்கினால் அவவுக்கும் படுக்க நேரமில்லை. அவவும் உள்ளே கிடந்து அவிந்துகொண்டுதான் இருக்கிறா, எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே நீ கதை. இந்தக் காலத்தில் உங்களுக்குள் திரை இல்லை, ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறீர்கள். ஆனாலும் நீ உன் மாமியிடம் சுகமா, சாப்பிட்டீங்களா என்பதற்கு மேலே ஏதாவது கதைத்திருக்கிறாயா? சஃப்னாவைக் கொண்டு சொல்லவைக்காதே, அவளே சொல்லிக் களைத்துப்போனவள். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பாதே, அது பூனையை விட மோசம், பூனை திருப்பித் திருப்பி மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டாது. டொக்டர் சொன்னார், மிஸ் சொன்னா, உம்மா சொன்னா என்று யாருடைய பின்னாலும் ஒளியாதே. ஆட்கள் போன பிறகு, அவ குசினியில் கை கழுவி முடித்த நேரம் பார்த்துப் போ. நான் என்று தொடங்கு. பிள்ளையின் நிறையைச் சொல், உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல், என்ன செய்வோம் மாமி என்று கேள். கட்டளை போடாதே, கேள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். உன் வாப்பா இப்போது நல்ல தைரியசாலிபோல இருக்கிறார், அன்றைக்கு அந்த ஒரு வசனத்தைக் கடற்கரையில் எஞ்சினுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவர் அவர்.

அவ ஓம் என்றாலும் ஆட்களை நிறுத்துவது அவவால் முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். நாளைக்கு முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால், எங்களை மட்டும் அவமதித்துவிட்டார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். அதற்கு நான் ஒரு வேலை செய்கிறேன். இந்தச் சின்னவளை நான் இதுவரை ஒரே ஒரு தரம்தான் தூக்கியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில், அதுவும் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று மிஸ்ஸி விரட்டிக்கொண்டிருக்கும்போது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்துப் பார்த்துப் போனில் சார்ஜ் நிற்பதில்லை. அவளை ஒரு தரம் மடியில் வைத்து ஆறுதலாகப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் நீ மனம் மாறிவிடுவாய், ஆகவே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவேன், தெருவில் ஆட்கள் நடமாடுகிற நேரம். மாப்பிள்ளையின் உம்மா எப்படி வரவேண்டுமோ அப்படியே, பலகாரத்தோடும் உன் சாச்சிமாரோடும் வருவேன். நீ வாசலுக்கு வா. மாமியை விடாதே, மாமாவையும் விடாதே, நீயே வா. "உம்மா, புள்ள பால் குடிக்குது, சஃப்னா படுக்கணும். நாப்பது முடிய வாங்க" என்று நாலு பேர் கேட்கும்படி சொல். மாப்பிள்ளையே தன் உம்மாவைத் திருப்பி அனுப்பிய வீட்டில், என்னை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்க அதற்குப் பிறகு எவருக்கும் வாய் வராது. உன் மாமியையும் ஒரு குறை சொல்ல முடியாது. சாய்ந்தமருது முழுக்க அந்தக் கதையை நானே சிரித்துச் சிரித்துச் சொல்லிவிடுவேன். பலகாரத்தைக் கேட்டுக்கு மேலால் வாங்கிக்கொள். உன் சாச்சிமார் முகத்தைச் சுளிப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு என் முகம் ஒரு மாதிரிப் போனாலும், மகனே, நீ கேட்டைத் திறக்காதே.

உன் உம்மா